ஏறின மாப்பிள்ளை இறங்கக் கூடாது

பட்டறைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்கு நாலு வார்த்தை சொல்லுங்கள் என்று என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டார்கள். நாலு வார்த்தையோடு நிறுத்துகிற வழக்கம் எனக்கு இல்லை. அதனால் நீங்களும் வசதியாக உட்காருங்கள். கார்புரேட்டர், கியர், பிரேக் என்று எதையும் நான் சொல்லப் போவதில்லை. அதெல்லாம் இரும்பு. தப்பாகப் பூட்டினால் அதுவே சத்தம் போட்டு உங்களைக் காட்டிக் கொடுத்துவிடும். நீங்கள் பயப்பட வேண்டியது வண்டியைச் சுற்றி நிற்கிற மனிதர்களுக்கு. வண்டியில் ஒரு பள்ளம் விழுந்தால் அதை எடுக்க அரை நாள் போதும். அதைப் போட்டது யார் என்று முடிவு பண்ண உட்கார்ந்தால் பேரன் காலம் வரைக்கும் பஞ்சாயத்து நடக்கும்.

யுத்தத்துக்கு முந்திய காலம். மதுரையில் கார் வைத்திருந்தவர்களை எங்கள் பட்டறையில் எல்லாருக்கும் பெயர் சொல்லித் தெரியும். பஞ்சு மில் முதலாளி ஒருவர் இருந்தார். அவரிடம் ஒரு திறந்த வண்டி. மேல்கூரையைப் பின்னால் மடித்துவிட்டால் உட்கார்ந்திருப்பவர் இடுப்புவரை வெளியே தெரிவார். கறுப்பு வர்ணம். குனிந்து பார்த்தால் மீசை ஒதுக்கிக்கொள்ளலாம். அந்த முதலாளி ஒரு பள்ளிக்கூடமும் நடத்தினார். அதில் தமிழ் வாத்தியாராக இருந்தவர் சங்கரலிங்கம். எலும்பும் தோலுமான மனிதர். வீட்டில் உப்புக் கேட்டால்கூட இலக்கணத்தோடு கேட்பார் என்று ஊரில் சொல்வார்கள்.

வாத்தியாரின் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை டி. கல்லுப்பட்டிப் பக்கம், தாலுகா ஆபீசில் குமாஸ்தா, பெயர் குருசாமி. நல்ல பையன். நகை நட்டு எதிலும் பிடிவாதம் இல்லை. மாப்பிள்ளையின் தாய்மாமன் முத்தையா மட்டும் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். மாப்பிள்ளை அழைப்புக் காரில்தான் நடக்க வேண்டும். குதிரை வண்டி கூடாது, மாட்டு வண்டி பேச்சே எடுக்கக் கூடாது. வாத்தியார் முதலாளியிடம் போய் நின்றார். முதலாளி வண்டியைத் தந்தார். தந்துவிட்டு, "எப்படிப் போகுதோ அப்படித் திரும்பி வரணும் வாத்தியாரே. அதுல ஒரு கீறல் விழுந்தாலும் நீரு பள்ளிக்கூடத்துப் பக்கம் தலவச்சுப் படுக்க வேணாம்" என்றும் சொல்லிவிட்டார். விளையாட்டாகச் சொன்னாரா நிஜமாகச் சொன்னாரா என்று வாத்தியாருக்குத் தெரியவில்லை. முதலாளிமார் விளையாட்டு வாத்தியார்மாருக்கு எப்போது புரிந்திருக்கிறது?

முதலாளியின் டிரைவர் ஊருக்குப் போயிருந்ததால் பட்டறையிலிருந்து என்னை அனுப்பினார்கள். எனக்கு அப்போதுதான் மீசை கறுக்கத் தொடங்கியிருந்தது. பெயர் காதர் மைதீன் என்றாலும் எல்லாருக்கும் நான் 'பாய்'தான். வீட்டிலிருந்து கிளம்பும்போது அத்தா, "கல்யாண வண்டி ஓட்டப் போற. வாயத் தொறக்காம ஓட்டிட்டு வா" என்றார். அதைக் கேட்டிருந்தால் உங்களிடம் சொல்ல இந்தக் கதை இருந்திருக்காது.

கல்யாணம் திருப்பரங்குன்றத்தில் ஒரு சத்திரத்தில். ஊர்க்கோடியில் இருந்த பிள்ளையார் கோவிலில் தேங்காய் உடைத்து, அங்கிருந்து மேளதாளத்தோடு சத்திரத்துக்கு ஊர்வலம். பொழுது சாயும் நேரத்தில் வண்டியைக் கோவில் முன்னால், சிதறுகாய் உடைக்கிற கல்லை ஒட்டி நிறுத்தினேன். மாப்பிள்ளை ஏறினார். சித்திரை வெயிலில் கம்பளிக் கோட்டு, கழுத்தில் ரோஜா மாலை, நெற்றியில் வேர்வையில் கரைகிற சந்தனம். அவர் பக்கத்தில் தாய்மாமன் முத்தையா ஏறினார். ஏறியதும் வண்டி ஒரு பக்கம் சாய்ந்தது. பெரிய உடம்பு. நான் குறையாகச் சொல்லவில்லை, அந்த உடம்பைப் பற்றிப் பிறகு மரியாதையாகவே பேச வேண்டி வரும்.

கிளம்பலாம் என்று பார்த்தால் முன்பக்க இடது சக்கரம் உஸ்ஸென்று உட்கார்ந்துவிட்டது. லாட ஆணி. அந்தக் காலத்தில் பாதிப் பஞ்சர் குதிரைகள் உதிர்த்துவிட்டுப் போகிற லாட ஆணியால்தான். எனக்கு இது பெரிய விஷயமே இல்லை. ஸ்டெப்னியை எடுத்து வைத்தேன், ஜாக்கியை எடுத்தேன், "ஐயா, ரெண்டு பேரும் கொஞ்சம் எறங்கி நில்லுங்க, சடார்னு மாத்திருவேன்" என்றேன்.

முத்தையா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, நான் தாலியைக் கழற்றச் சொன்ன மாதிரி இருந்தது.

"பாய், ஒனக்கு எங்க வழக்கம் தெரியாது. அழைப்புக்கு ஏறின மாப்ள, பொண்ணு வீட்டு வாசல்ல ஆரத்தி சுத்துனாத்தேன் எறங்கணும். நடுவழியில எறங்கினா வெளங்காது."

"சரிங்க, மாப்ள இருக்கட்டும். நீங்களாவது எறங்குங்க."

"மாப்ளைக்குத் தொணையா ஏறினவன் நான். நான் எறங்கினா அவரு அநாதையா நிக்கணுமா?"

வாத்தியார் ஓடி வந்தார். அவர் எப்போதும் புத்தகத் தமிழில்தான் பேசுவார். "தம்பி, சம்பந்தி வருத்தப்படும்படி எதுவும் செய்ய வேண்டாம். அவர்கள் அமர்ந்திருக்கும்போதே மாற்ற இயலாதா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். இயலாது என்று சொல்லியிருக்க வேண்டும். பெண்ணைப் பெற்ற ஒருவர் உங்கள் கையைப் பிடிக்கும்போது இயலாது என்று சொல்லிப் பாருங்கள், அப்போது தெரியும்.

மண் தரையில் பலகை போட்டு அதன்மேல் ஜாக்கியை வைத்துத் திருகினேன். வண்டி மெல்ல மேலே ஏறியது. கோட்டுப் போட்ட மாப்பிள்ளையும் தாய்மாமனும் கூட்டத்துக்கு மேலே எழும்புவதைப் பார்த்துப் பெண்களுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, குலவை போட்டார்கள். இதுவும் ஏதோ காரில் உள்ள மரியாதை என்று நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. பழைய சக்கரத்தைக் கழற்றி ஸ்டெப்னியை மாட்டிவிட்டேன். மரைகளைக் கையால் திருகிக்கொண்டிருந்தபோது முத்தையா கூட்டத்தில் யாரையோ பார்த்துக் கும்பிட உடம்பைத் திருப்பினார். ஜாக்கி லேசாக அசைந்தது. எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. வலது கையை உயர்த்தி, ஆள்காட்டி விரலை நீட்டி, "அசையாதீங்க, அசையாதீங்க" என்று ஆட்டினேன்.

தம்பிகளே, நீங்கள் எத்தனையோ கல்யாணத்துக்குப் போயிருப்பீர்கள். தாலி கட்டுகிற நேரத்தில் கையை உயர்த்தி ஆள்காட்டி விரலை ஆட்டினால் என்ன அர்த்தம்?

தவில்காரர் அய்யாவு ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. கெட்டிமேளம் கொட்டிவிட்டார். நாதஸ்வரம் சேர்ந்துகொண்டது. காதே அடைத்துப்போனது. மேளம் கேட்டதும் கூட்டம் கையிலிருந்த பூவையெல்லாம் வண்டியின் மேல் வீசியது. பூசாரி எதற்கென்று தெரியாமலே மணியடித்தார். கெட்டிமேளம் கேட்டால் எழுந்து நிற்பது பெரிய மனிதர்களின் வழக்கம். முத்தையா பெரிய மனிதர். எழுந்து நின்றார்.

பலகை நழுவியது. ஜாக்கி சாய்ந்தது. வண்டி தடாலென்று ஸ்டெப்னியில் இறங்கி, பக்கவாட்டில் ஒரு உலுக்கு உலுக்கி, மட்கார்டு போய்ச் சிதறுகாய்க் கல்லில் இடித்தது. நல்லவேளை, என் கைகள் வெளியே இருந்தன. மட்கார்டில் ஒரு கும்பாவைக் கவிழ்த்து வைக்கிற அளவுக்குப் பள்ளம். மேளம் மட்டும் இன்னும் நிற்கவில்லை.

பிறகு நடந்ததை ஒழுங்காகச் சொல்வது கஷ்டம். எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். முத்தையா சொன்னதுதான் முதலில் காதில் விழுந்தது.

"ஓட்ட வண்டியக் கொண்டாந்து எங்கள உக்கார வச்சு அவமானப்படுத்துறீகளா?"

வாத்தியார் பள்ளத்தைத் தொட்டுப் பார்த்தார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. வேலை போய்விட்டது என்றே அந்த மனிதர் முடிவு கட்டிவிட்டார். பயந்த மனிதருக்குக் கோபம் வந்தால் அது சாதாரணக் கோபமாக இருக்காது. "சம்பந்தி எழுந்தார், வண்டி விழுந்தது. இந்த வாக்கியத்தில் எழுவாய் நீங்கள்தான்!" என்று கத்தினார்.

"நான் எங்கய்யா எழுவேன்? இனிமே எந்திரிக்கவே மாட்டேன், போதுமா?" என்று முத்தையா இன்னும் அழுத்தி உட்கார்ந்தார். வண்டி இன்னும் கொஞ்சம் சாய்ந்தது. "கனமா இருக்கேன்னு குத்திக்காட்டுறீரா? எந்திரிக்க வச்சது மேளம். அவனக் கேளும்."

அய்யாவு தவிலைக் கழற்றாமலே முன்னால் வந்தார். "வெரல ஆட்டுனா அடிக்கணும். எங்க தொழில்ல அதுக்கு மேல யோசன கெடயாது. யோசிச்சு அடிச்சா அது கெட்டிமேளமா? வெரல ஆட்டுனது பாய்."

"நான் அசையாதீகன்னு ஆட்டுனேன் அண்ணே."

"அசையாதேன்னு சொல்றவன் எதுக்குய்யா வெரல அசைக்கணும்?"

நான் குனிந்து, பாதியில் விட்ட மரைகளை முறுக்கத் தொடங்கினேன்.

முத்தையா கடைசி அஸ்திரத்தை எடுத்தார். "எறங்குங்க மாப்ள. இந்தச் சம்மந்தமே வேணாம். ஊருக்குப் போவோம்." வாத்தியார் வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார், அவருக்குப் புத்தகத் தமிழும் வரவில்லை, மற்ற தமிழும் வரவில்லை. மாப்பிள்ளை பாவம், மாமனையும் மாமனாரையும் மாறிமாறிப் பார்த்தார்.

நான் வாயைத் திறந்தேன். "ஐயா, ஏறின மாப்ள ஆரத்தி எடுக்காம எறங்கக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க?"

முத்தையா இறங்கத் தூக்கிய காலை அப்படியே வைத்திருந்தார். அவர் வழக்கம், அவர் வாயால் சொன்னது, ஊரே கேட்டது. காலைத் திரும்ப உள்ளே வைத்தார். "அப்ப வண்டிய எங்க ஊருக்கு விடு" என்றார். "முதலாளி சத்திரம் வரைக்கும்தேன் உத்தரவு குடுத்திருக்காரு" என்றேன். அதற்குள் மரைகளை முறுக்கி முடித்திருந்தேன். பேச்சு வளர்வதற்கு முன்னால் வண்டியைக் கிளப்பினேன். மேளம் முன்னால் போனது.

அப்படி ஒரு ஊர்வலத்தை நான் பிறகு பார்த்ததில்லை. மேளக்காரர் நடக்கிற வேகத்தில்தான் கார் போக வேண்டும். முத்தையா உட்கார்ந்தபடியே வலது பக்கம் திரும்பி வாத்தியாரைத் திட்டுவார், இடது பக்கம் வாசலில் யாராவது நின்று கும்பிட்டால் திட்டை நிறுத்திவிட்டு முகமெல்லாம் சிரிப்பாகப் பதில் கும்பிடு போடுவார், மறுபடி வலது பக்கம் திரும்பி விட்ட இடத்திலிருந்து தொடருவார். வாத்தியார் வண்டியோடு கூடவே நடந்து வந்து எழுவாய், பயனிலை என்று பதில் சொன்னார். அய்யாவு தாளம் தப்பாமல் வாசித்துக்கொண்டே இடையிடையே திரும்பி என்னை முறைத்தார். பள்ளத்தில் ஒரு செவ்வந்தி மாலையை யாரோ அழகாகத் தொங்கவிட்டிருந்தார்கள்.

பாதி வழியில் என் தோளில் ஒரு விரல் தொட்டது. மாப்பிள்ளை. அன்றைக்கு அவர் பேசி நான் கேட்ட முதல் வார்த்தை அதுதான்.

"பாய், சத்திரத்துக்கு இன்னும் எம்புட்டுத் தூரம்?"

"இந்தா, கிட்டத்துலதான்."

"கொஞ்சம் வெரசாப் போக முடியாதா? ரயில்ல எறங்குனதுலேர்ந்து பானகம், மோரு, எளநின்னு ஊத்திக்கிட்டே இருந்தாக. எனக்கு அவசரம், பாய். ரொம்ப அவசரம்."

திரும்பிப் பார்த்தேன். கம்பளிக் கோட்டுக்குள் அந்த மனிதர் முழங்காலை ஒட்டி வைத்து உட்கார்ந்திருந்தார். இறங்கவும் முடியாது, சொல்லவும் முடியாது. பக்கத்தில் மாமன். சுற்றிலும் ஊர். அந்த நேரத்தில் அந்தக் கூட்டத்தில் நிஜமான அவசரம் யாருக்கு என்று தெரிந்த ஆள் நான் ஒருவன்தான். மேளத்தை வேகமாகப் போகச் சொல்லலாம் என்றால் கையைத் தூக்கவே எனக்குப் பயம்.

ஒருவழியாகச் சத்திரத்து வாசலுக்கு வந்தோம். வாத்தியாரின் தங்கை ஆரத்தித் தட்டோடு நின்றார். முடிந்தது என்று நான் மூச்சு விட்டு, மரைகளை இன்னொரு தடவை முறுக்க ஸ்பானரோடு இறங்கினேன். முத்தையா கதவை உள்ளிருந்து பிடித்துக்கொண்டார்.

"பள்ளத்துக்கும் எங்களுக்கும் சம்மந்தமில்லைன்னு வாத்தியாரு வாயால சொல்லட்டும். எறங்குறோம். இல்லேன்னா இப்படியே உக்காந்திருப்போம்."

வாத்தியார் சொல்லியிருக்கலாம். ஒரு வரி. ஆனால் அதைச் சொன்னால் நாளைக் காலையில் முகூர்த்தத்துக்கு வரப்போகிற முதலாளியிடம் பழி முழுக்கத் தன்மேல் என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். வேலை போகும். சொல்லாவிட்டால் மாப்பிள்ளை போவார். தட்டில் கற்பூரம் அணைந்தது, மறுபடி ஏற்றினார்கள், அதுவும் அணைந்தது. ஜன்னல் கம்பிக்குப் பின்னால் கல்யாணப் பெண் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. அது அழவில்லை. அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கும் ஒரு தங்கை உண்டு.

"பாய் சொல்லட்டும்" என்று கூட்டத்தில் ஒரு குரல் எழும்பியது. "அவருக்கு ரெண்டு பக்கமும் ஒறவு கெடயாது. வண்டி தெரிஞ்ச ஆளு. பள்ளம் யார் போட்டதுன்னு அவரே தீர்ப்புச் சொல்லட்டும்." எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மாப்பிள்ளையும் பார்த்தார். அவர் பார்வையில் தீர்ப்பைப் பற்றிய கவலை துளியும் இல்லை.

எங்கள் பட்டறையில் ஒரு தலைமை மேஸ்திரி இருந்தார். அதிகம் பேச மாட்டார். ஒன்றே ஒன்று சொல்வார், சண்டை நடக்கிற இடத்தில் ஸ்பானரைக் கையில் வைத்துக்கொண்டு நிற்காதே, கீழே வை. கையில் இரும்பு இருந்தால் நீ சொல்வது எவன் காதிலும் ஏறாது, உன் கைமேலேயே கண்ணாக இருப்பான். அது அப்போது நினைவுக்கு வந்தது. ஸ்பானரைத் தரையில் வைத்தேன். வைத்த பிறகுதான் எனக்கே மூளை வேலை செய்தது.

யார் மேல் பழி போட்டாலும் ஒருவர் இறங்க மாட்டார். தமிழில் இறங்கி வருவது என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். முத்தையா வண்டியிலிருந்து இறங்கினால் சண்டையிலிருந்தும் இறங்கி வந்த மாதிரி ஆகிவிடும். அதுதான் அவர் கஷ்டம். இறங்குவதற்கு அவருக்கு வேறு ஒரு காரணம் வேண்டும். அதுவும் கௌரவமான காரணம்.

"யார் போட்டதுங்கிறது கெடக்கட்டும்" என்றேன். "காலையில முதலாளி வர்றதுக்குள்ள இத எடுக்கணும். எடுத்துறலாம். ஆனா ஒரு சிக்கல் இருக்கு. உள்பக்கத்துலேர்ந்து கொட்டாப்புளியால, அதான் மரச்சுத்தியால, தட்டணும். தட்டும்போது வெளிப்பக்கம் அம்மிக் குழவிய வச்சு ஒரு ஆளு அழுத்திக்கிட்டே நிக்கணும். சாதாரண ஆளு பத்தாது. நல்ல கனமான ஆளு வேணும். இந்தக் கூட்டத்துல அப்படி யாரு இருக்கா?"

கேட்டுவிட்டு முத்தையாவைத் தவிர எல்லாரையும் பார்த்தேன். பெண் வீட்டுப் பக்கம் ஒரு ஒல்லியான அண்ணன் முன்வந்தார். சமையல்கட்டிலிருந்து குழவி வந்தது. அவர் அழுத்தினார். நான் ஒரு தட்டுத் தட்டினேன். குழவியோடு சேர்ந்து பின்னால் போய் விழுந்தார். அடுத்து ஒருவர். அவரும் அப்படியே. "இதுக்கு ஆளே இல்லையா? அப்ப முடியாது" என்று நான் கையை விரித்தேன்.

முத்தையாவுக்கு உட்கார முடியவில்லை. "தள்ளுங்கப்பா. அரிசி மூட்டையத் தூக்குறதுக்கும் அரிசியப் பொடைக்கிறதுக்கும் வித்தியாசம் தெரியாத பயலுக" என்று கதவைத் திறந்து இறங்கிவிட்டார். வண்டி நிம்மதியாக நிமிர்ந்தது.

அவர் கால் தரையில் பட்டதும் மறுபக்கக் கதவு திறந்தது. மாப்பிள்ளை குதித்தார். ஆரத்தித் தட்டைத் தாண்டி, தோரணத்தைத் தாண்டி, சத்திரத்தின் பக்கச் சந்துக்குள் மாலையும் கோட்டுமாகப் பறந்தார்.

"ஐயையோ, மாப்ள ஓடுறாரு!"

வாத்தியார் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அய்யாவு தவிலோடு பின்னாலேயே ஓடினார். "பிடிங்க, பிடிங்க" என்று யாரோ கத்தினார்கள். "பிடிக்காதீங்க!" என்று நான் அதைவிடப் பெரிதாகக் கத்தினேன். "ஓடல, வந்துருவாரு! அவருக்கு அவசரம்!" என்ன அவசரம், கல்யாணத்தைவிடவா என்று முத்தையா கேட்டார். ஆரத்தி எடுக்க நின்ற அம்மாதான் முதலில் புரிந்துகொண்டார். தட்டைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பு ஒவ்வொருவராகத் தொற்றி, ஜன்னல் வரைக்கும் போனது. வாத்தியார் மட்டும் இன்னும் புரியாமல், "அவசரம் என்றால்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

மாப்பிள்ளை திரும்பி வந்தபோது வேறு மனிதராக இருந்தார். சந்தனத்தைச் சரிபண்ணிக்கொண்டு கம்பீரமாக நடந்து வந்து யாரையும் பார்க்காமல் மறுபடி காரில் ஏறி உட்கார்ந்தார். முத்தையா குழவியும் கையுமாக அறிவித்தார்: "மொதல்ல எறங்குனது கணக்குல சேராது." கற்பூரம் மூன்றாவது தடவையாக ஏற்றப்பட்டது. ஆரத்தி சுற்றினார்கள். மாப்பிள்ளை முறைப்படி இறங்கினார். அய்யாவு என்னைப் பார்த்தார். நான் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். அவராகவே வாசித்தார்.

பிறகு வேலை நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் சாப்பிட உட்கார்ந்தார்கள், முத்தையா உட்காரவில்லை. மேல்வேட்டியை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு குழவியைத் துணியில் சுற்றி மட்கார்டில் வைத்துச் சாய்ந்தார். மலை சாய்ந்த மாதிரிதான். நான் உள்ளிருந்து தட்டிக் காட்டினேன். "இந்தத் தட்டு தட்டுனா விடிஞ்சுரும். இங்க குடும்" என்று அய்யாவு கொட்டாப்புளியைப் பிடுங்கிக்கொண்டார். அவர் கை எங்கே விழ வேண்டுமோ அங்கே விழுந்தது. வாத்தியார் பெட்ரோமாக்ஸ் விளக்கைப் பிடித்துக்கொண்டு, "சற்று மேலே, சற்றுக் கீழே" என்று சொல்லிக்கொண்டிருந்தார். வேலை மும்முரத்தில் முத்தையா அவரை, "வெளக்க இங்கிட்டுத் தள்ளும் சம்மந்தி" என்றார். சம்பந்தமே வேண்டாம் என்று சொன்ன வாய் அது. ஒருவரும் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

பள்ளம் எழுந்துவிட்டது. ஆனால் வர்ணம் அந்த இடத்தில் வறண்ட கண்மாய் மாதிரி வெடித்துக் கிடந்தது. வர்ணத்துக்குப் பட்டறைக்குத்தான் போக வேண்டும். முதலாளி கண்ணில் அது படாமல் இருக்க வழியே இல்லை. அன்று வாத்தியார் தூங்கியிருக்க மாட்டார்.

காலையில் முதலாளி வந்தார். வந்தவர் சத்திரத்துக்குள் போகவில்லை. நேராக வண்டியிடம் போனார். நான் துண்டால் துடைக்கிற மாதிரி அந்த இடத்தை மறைத்துக்கொண்டு நின்றேன். அவர் என்னை ஒரு பக்கமாக நகர்த்திவிட்டு மட்கார்டில் கையை வைத்தார்.

வாத்தியார் மணமேடைப் பக்கத்திலிருந்து வந்தார். மகள் கல்யாணத்தன்று தூக்கு மேடைக்கு நடக்கிற மாதிரி ஒரு தகப்பன் நடந்து வருவதை நான் பார்த்தேன். "ஐயா, நான் உங்களிடம் ஒன்று" என்று தொடங்கினார். அவ்வளவுதான் முடிந்தது. முத்தையா பின்னாலிருந்து அவரை ஒதுக்கிக்கொண்டு முன்னால் வந்துவிட்டார்.

"முதலாளி, அத எடுத்தது நாந்தேன்."

"எத?"

"பள்ளத்த. இம்புட்டுப் பெருசா உள்ள போயிருந்துச்சு. ஊரே தெகச்சு நின்னுச்சு. ரெண்டு பேரு அழுத்திப் பாத்தாக, முடியல. நாந்தேன் அழுத்துனேன்."

அய்யாவு மேடையிலிருந்து தவிலோடு வந்துவிட்டார். "அழுத்துனா மட்டும் எந்திரிச்சிருமா முதலாளி? அடிச்சது நான்." ஒல்லி அண்ணன் எங்கிருந்தோ முளைத்து, முதலில் அழுத்தியது தான்தான் என்று பதிவு செய்தார். குழவி கொண்டுவந்த சமையல்காரர் கரண்டியோடு வந்து, வாத்தியார் விளக்குப் பிடித்ததையும் சேர்த்துச் சொன்னார்.

முதலாளி எல்லாரையும் பார்த்தார். "அது சரி. உள்ள போக வச்சது யாரு?"

வாத்தியார் வாயைத் திறந்தார். அவருக்கு முன்னால் முத்தையா நெஞ்சை நிமிர்த்தினார்.

"அதுவும் நாந்தேன். நான் எந்திரிச்சேன், வண்டி உக்காந்திருச்சு. பின்ன, இவுகள்ல எவன் எந்திரிச்சா வண்டி உக்காரும்?"

தம்பிகளே, முதல் நாள் சாயங்காலம் முழுக்க ஊரே சேர்ந்து அவர் வாயிலிருந்து வரவழைக்க முடியாத வார்த்தை அது. பழியாகக் கொடுத்தபோது தொடவே மாட்டேன் என்றவர், இப்போது பெருமையாகத் தானே எடுத்துக்கொண்டார். வாத்தியார் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். கண்ணில் நீர் நின்றது. எனக்கும்தான், சொல்வதற்கென்ன.

முதலாளி முத்தையாவை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தார், மட்கார்டையும் பார்த்தார். "எங்க வண்டி தாங்குனதே பெரிசு" என்று சிரித்துவிட்டார். "என்ன வாத்தியாரே, முகூர்த்தத்துக்கு நேரமாகுது, இங்க என்ன வேடிக்க? திங்கக்கெழம பள்ளிக்கூடத்துக்கு நேரத்துக்கு வந்துரணும், கல்யாணம்னு சாக்குச் சொல்லக் கூடாது" என்று அவர் தோளில் கை போட்டு உள்ளே கூட்டிக்கொண்டு போனார்.

வாசல்படியில் கால் வைத்தவர் நின்று, என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ஏப்பா, ஒன்னைய நம்பித்தான வண்டியக் குடுத்துவிட்டேன். அழுத்துனது அவரு, அடிச்சது இவரு, வெளக்குப் பிடிச்சது வாத்தியாரு. நீ என்னதாம்ப்பா பண்ணுன?"

"டயர் மாத்துனேன் முதலாளி" என்றேன்.